ரயிலைச் சப்பரத்தில் தூக்கிய கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். சாமி காரியத்தையும் விளையாட்டுக் காரியத்தையும் ஒன்றாக எழுதினால் எங்கள் முத்தாரம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று பயம். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அவளிடமே கேட்டேன். பல்லி ஒன்றும் சத்தம் போடவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு வந்து, பேலட் என்னும் சரக்கு மரத்தட்டு அடிக்கும் கொட்டகையில் சேர்ந்த எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது, இங்கே யாரும் எதையும் தோளில் தூக்குவதில்லை என்பதுதான். சின்ன அட்டைப் பெட்டியைக்கூடப் பேலட்மேல் வைத்து, ஃபோர்க்லிஃப்ட் வரும்வரை பக்கத்தில் காவல் நிற்பார்கள். எங்கள் ஊரில் அரிசி மூட்டை, கட்டில், கொடைத் திருவிழா என்றால் அம்மன், எல்லாம் தோளில்தான்.

பக்கத்திலே வடக்குப்பட்டில் நான் குடியிருந்த வீட்டு ஓனர் கன்னியப்பன் அண்ணனுக்குப் பொம்மை ரயில் பைத்தியம். ஒருமுறை படப்பை மண்டபத்தில் நடந்த கண்காட்சிக்கு, ஒற்றை ப்ளைவுட்டில் தண்டவாளம் ஒட்டி எடுத்துப் போனார். பலகை அப்பளமாக வளைந்து ரயில் கவிழ்ந்தது. கூட்டம் கைதட்டியது. அடுத்த கண்காட்சி வந்தபோது அவர் மனைவி சரோஜா அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டார்: "இந்த வாட்டியும் கவுந்துச்சின்னா மொத்தமா காயலாங்கடைக்குத்தான். எனுக்குத் துணி மடிக்க எடம் இல்ல."

அண்ணன் என்னிடம் வந்தார். "வளையவும் கூடாது, தூக்கிகினும் போவணும்பா." எனக்குத் தெரிந்தது பேலட்தான். தடித்த பைன் கட்டையில், அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழையச் சந்தும் விட்டு அடித்தேன். அண்ணன் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா இது? மேல ரயில் ஓடப்போவுதா, கப்பலா?"

மறுபடி செய்தேன். ப்ளைவுட்டைப் பட்டைகளாக அறுத்து, நிமிர்த்தி வைத்துச் சட்டம்; நடுவில் குறுக்குப் பட்டைகள்; மேலே மெல்லிய பலகை. மொத்தம் இரண்டு துண்டு. ஒன்றில் முளை, மற்றதில் குழி. சேர்த்து போல்ட்டை முறுக்கினால் தண்டவாளம் நேருக்கு நேர் நிற்கும். கால்கள் மடங்கும். தூக்குவதற்கு என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. கை தானாகவே இரண்டு பக்கமும் நெடுக மூங்கில் கட்டிவிட்டது. பார்த்தால் அசல் சப்பரம்.

கண்காட்சியன்று படப்பையில் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே மாட்டிக்கொண்டது. குட்டியானை வண்டியிலிருந்து பலகையை இறக்கி, கொட்டகையில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் மூன்று பேரும் நானும் தோள் கொடுத்தோம். மூங்கில் தோளில் பட்டதுதான் தாமதம், நாலு பேர் காலும் கொடை நடை நடக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு எட்டு, ஒரு குலுக்கு. பொம்மைப் பயணிகள் உதிர்ந்தார்கள்.

"ஆட்டாதீங்கபா! தண்டவாளம் புட்டுக்கும்!" என்று கத்தினார் அண்ணன்.

"ஆட்டாமத் தூக்குனா காலு பின்னுது அண்ணாச்சி" என்றான் முன்னால் பிடித்திருந்த செல்வம்.

ஷேர் ஆட்டோவுக்கு நின்ற ஓர் அம்மா செருப்பைக் கழற்றினார். "இன்னா சாமிபா?"

"சாமி இல்லம்மா, ரயிலு" என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு இந்த ஆட்டம்?" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று பையிலிருந்த பூவில் ஒரு முழம் கிள்ளி இஞ்சின்மேல் போட்டார்.

மண்டபத்தில் இறக்கிக் கால்களை விரித்தோம். சரோஜா அக்கா கைகட்டி எதிரே நின்றார். அண்ணன் ஸ்விட்சைப் போட்டார். நான் கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டேன். ரயில் இணைப்புக்கு வந்தது. 'டக்' என்றது. தாண்டிவிட்டது. சுற்றி வந்து மறுபடி தாண்டியது. அக்கா கட்டியிருந்த கையைப் பிரித்தார். பிறகு, "சரி, வூட்ல எங்க வெக்கப்போற?" என்றார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் அண்ணன் எங்களை விடவில்லை. பலகைமேல் நிறைந்த தண்ணீர் டம்ளரை வைத்து, சிந்தாமல் நடக்க வடக்குப்பட்டுத் தெருவிலேயே பழக்கினார். நன்றாகவே பழகிவிட்டோம்.

அந்த வருடக் கொடைக்கு ஊருக்குப் போய் அம்மன் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தேன்.

"என்னவே, அம்மனைத் தூங்கவா வைக்கீரு? ஆட்டித் தூக்கும்வே!" என்று பின்னாலிருந்து மைத்துனன் கத்தினான்.

ஆட்டத்தான் பார்த்தேன். தோள் கேட்கவில்லை. மூன்று மூலை உடன்குடியில் ஆட, என் மூலை மட்டும் வடக்குப்பட்டில் நடந்தது. அம்மன் என் பக்கமாகச் சாய்ந்தபடியே ஊரைச் சுற்றி வந்தாள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்கு இப்படியே சொல்லுங்கள். அம்மன் விழுந்தாள் என்று மட்டும் யாரும் சேர்த்துவிட வேண்டாம். விழவில்லை.