இடைவெளி இல்லாத பாடம்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்கா சேர்த்துக்கொள்வார்கள். டியூஷன் வீடியோ தயாரிக்கும் கம்பெனி. ஆசிரியர்கள் கேமராவைப் பார்த்துப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுடைய இருமல், திக்கல், 'அதாவது', 'வந்து', மூச்சு வாங்கும் நேரம், இவற்றையெல்லாம் வெட்டி எறிவது அவள் வேலை.

மவுஸ் ஓரமாகத் தூசி படிந்து கிடக்கும். இரண்டு கைகளும் கீபோர்டில்தான். எல் அழுத்தினால் வீடியோ ஓடும், கே நிறுத்தும், ஜே பின்னால் இழுக்கும். எல் எழுத்தை இரண்டு தரம் தட்டினால் இரட்டை வேகம். க்யூ, வேண்டாத இடத்தை வெட்டி, அடுத்து இருப்பதை இழுத்து ஒட்டிவிடும். க்யூவின் மேலிருந்த எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது. குரல் திரையில் மேடும் பள்ளமுமாகத் தெரியும் என்பதால் காதுக்கு வேலையில்லை. மேடு இல்லாத இடமெல்லாம் குப்பை.

"இத்தனை வருஷமா பாடம் ஓட்டுறியேக்கா, ஒரு கேள்விக்காவது பதில் தெரியுமா?" என்று பக்கத்து மேஜைக்காரன் ஒருமுறை கேட்டான்.

"கேள்வி வர்ற இடம் தெரியும்டா. அதுக்கப்புறம் நீளமா ஒரு குப்பை வரும்."

சாயங்காலம் மணிக்கட்டில் பட்டியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள். கம்பியைப் பிடித்தால் வலிக்கும். முழங்கையை அதில் கோத்துக்கொண்டு நிற்பாள்.

கணவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். போன வருடம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் திரும்பிவிட்டன. பேச்சும் திரும்பியது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எங்கோ போய் எடுத்துவருவதுபோல் தாமதமாக வந்தது. பள்ளியில் இனியும் காத்திருக்க முடியாது என்றார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பாடம் நடத்தி வீடியோ அனுப்பட்டும், கமிட்டி பார்த்து முடிவு செய்யும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியை போனில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை படுக்கையறைச் சுவரை ஒட்டி நின்று, டப்பாமேல் போனைச் சாய்த்துவைத்து, சந்திரன் தேய்வதைப் பற்றியும் கடைசியில் கிரகணத்தைப் பற்றியும் பேசினார். எட்டு நிமிடத்துக்கு மேல் போனது. அவள் அதை லேப்டாப்பில் ஏற்றி வேலையை ஆரம்பித்தாள். க்யூ, க்யூ, க்யூ. வெட்டிய இடத்தில் முகம் குதிக்குமே, அங்கெல்லாம் சந்திரன் படத்தை வைத்து மூடினாள். முடித்துவிட்டு ஓடவிட்டாள். பழைய குரல். சுருக்கமாக, வேகமாக, கொஞ்சம் அதிகாரமாக. ஒரு வருடமாக வீட்டில் கேட்காத குரல். இன்னொரு தரமும் கேட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

அவர் கடைசிவரை பார்த்தார்.

"நல்லா... பேசுறான்."

"யாரு?"

"இவன்."

அவள் மறுபடி ஓடவிடப் போனாள்.

"கிளாஸ்ல... நீ எங்க... உக்காருவ?"

"நான் எதுக்குங்க அங்க?"

"நான் நிக்கிறப்பல்லாம்... வெட்ட."

அவளுக்குச் சுருக்கென்றது. "வேலை வேணுமா வேண்டாமா உங்களுக்கு? இருக்கிறபடியே அனுப்பினா முதல் நிமிஷத்துலயே மூடிருவாங்க. என் கை எத்தனை நாள் தாங்கும்னு நினைக்கிறீங்க? ராத்திரி டம்ளர் தூக்க முடியல."

அவர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு திரையைக் காட்டினார்.

"தேஞ்ச பாதி எங்க போச்சுன்னு... கேட்டேன்ல. அதுக்கப்புறம்?"

"பதில்."

"நடுவுல?"

"நடுவுல நின்னுட்டீங்க."

"நிக்கல. பசங்க... யோசிக்கணும்."

அவள் வெட்டாத பதிவைத் திறந்தாள். கேள்விக்குப் பின்னால் நீளமாக ஒரு தட்டைக் கோடு. மற்ற இடங்களிலும் அதே கோடுதான். இரட்டை வேகத்தை விட்டுவிட்டுச் சாதாரணமாக ஓட்டி, முகத்தைப் பார்த்தாள். சில இடங்களில் உதடு எதையோ தேடித் தவித்தது. கேள்விக்குப் பின் மட்டும் அது அசையவில்லை. புருவத்தைத் தூக்கிக்கொண்டு, எவனாவது கை தூக்கட்டும் என்று காத்திருந்தார்.

"இது?" என்று இன்னோர் இடத்தைக் காட்டினாள்.

"அது நோவு."

"இது?"

"அது... வாத்தியார்."

"சரி, நோவை மட்டும் எடுத்துடறேன்."

"எல்லாம் இருக்கட்டும்."

"அஞ்சு நிமிஷம் தாண்டுமே. எதை எடுக்க?"

யோசித்தார். "கிரகணத்தை எடு. அது... அடுத்த வாரம்."

அவள் கிரகணத்தை எடுத்தாள். ஒரே வெட்டு.

புதன்கிழமை பள்ளியிலிருந்து பதில் வந்தது. வீடியோ நடுநடுவே சிக்கி நிற்கிறது, நெட் கோளாறாக இருக்கலாம், சரிசெய்து மீண்டும் அனுப்பவும், வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்புக்கு எந்தத் தடங்கலும் இல்லை, கண்ணில் நீர் வரும்வரை வந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலில் வெட்டி ஒட்டியது அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதை இணைத்து அனுப்பினால் யாருக்கும் தெரியாது, வெள்ளிக்கிழமை காரியம் முடிந்துவிடும். அந்த ஃபைல்மேல் அம்புக்குறியைக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தாள். பிறகு அதை விட்டுவிட்டுப் பதில் டைப் செய்தாள். 'வீடியோவில் கோளாறு இல்லை. என் கணவர் இப்போது இப்படித்தான் பேசுகிறார்.'

"வேற ஏதாவது சேக்கணுமா?"

"வெள்ளிக்கிழமை... நேர்ல வந்து... நடத்துறேன்னு போடு."

போட்டாள். "லீவு சொல்லிட்டு நானும் கூட வரட்டுமா?"

"வேண்டாம். நீ வந்தா... கை சும்மா இருக்காது."

அவள் அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.