என் முதுகுக்குக் கிடைத்த துண்டு

கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. என் முதுகுவலியின் வீர வரலாறு அவ்வளவுதான். ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக நாற்காலி தேய்க்கிறவன் நான். மறுநாள் மனைவி வேலைக்குப் போகாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். என் பையையும் அவள்தான் தூக்கி வந்தாள். அதை அங்கே யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிற அம்மணி யாழ்ப்பாணத்துக்காரர். இருபது நிமிடம் என் முதுகைத் தட்டி, அழுத்தி, காலை மடக்கிப் பார்த்தார்.

"ஒரேயடியா எவ்வளவு நேரம் இருந்து வேலை செய்யிறனீங்கள்?"

"எட்டு மணிக்கு உட்கார்ந்தா சாப்பாட்டுக்குத்தாங்க எழும்புவேன்."

"அதுதான் நோகுது. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடக்கோணும்."

ஒரு துண்டுச் சீட்டும் எழுதித் தந்தார். பாரம் தூக்கக்கூடாது, தூக்கினால் உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும். நெடுநேரம் குனியக்கூடாது, நிற்கவும் கூடாது. வலிக்கிறதென்று படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாட வேண்டும். மேலே என் பெயர், கீழே முத்திரை. பட்டம் வாங்கியவன்போல வெளியே வந்தேன்.

லிந்துலைக்குத் திரும்பும் பஸ்ஸில் மனைவி அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் அவள்.

"ஏங்க, இதுல செய்யக்கூடாதுன்னு போட்டிருக்கிறதத்தான் நாங்க தெனமும் காலையில பெரட்டுல பேர் குடுத்துட்டுப் போய்ச் செய்யிறோம்."

"ஒனக்கும் வலிக்குதா?"

"ஆறு வருஷமா. தைலம் தடவுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன்தான். தோட்டத்து மருந்துச் சாலையில் அவளுக்கு இரண்டு மாத்திரையும், "வயசாகுதில்ல" என்ற வார்த்தையும் கிடைத்திருக்கின்றன. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஈரக் கொழுந்தை முதுகில் சுமந்து செங்குத்து மலையில் ஏறுகிறவளின் இடுப்பை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. பேனா எடுக்கக் குனிந்தவனுக்கு இருபது நிமிடமும் முத்திரையும்! எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆத்திரம் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்வதில்லை. கைதான் வேலை செய்யும்.

கொழுந்துக் கூடை தலையில் மாட்டிய கயிற்றில்தான் தொங்கும். உடம்போடு ஒட்டவில்லையே என்று, மகளின் பழைய பள்ளிப் பையிலிருந்து பட்டிகளை அறுத்துக் கூடையில் தைத்தேன். இரண்டு தோளுக்கும் இரண்டு பட்டி, இடுப்பில் ஒரு பூட்டு. மறுநாள் காலையில் அவள் அதை மாட்டிப் பார்த்துவிட்டு, "பாரம் கொஞ்சம் கொறஞ்ச மாதிரிதாங்க இருக்கு" என்றாள். அன்று அலுவலகத்தில் நான் நாற்காலியில் சாயவே இல்லை, அவ்வளவு பெருமை.

மாலையில் வீங்கிய முகத்தோடு வந்தாள். மலையில் குளவி கலைந்திருக்கிறது. மற்றவர்கள் தலையை ஓர் ஆட்டு ஆட்டிக் கூடையை உதறிவிட்டு ஓடியிருக்கிறார்கள். இவள் மட்டும் என் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பக்கத்து நிரையில் நின்ற அக்காதான் கூடையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். மூன்று கொட்டோடு தப்பினாள்.

"கயிற ஏன் தலையில போடுறோம்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருக்கலாம்." கூடையிலிருந்து பட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினேன்.

"கூடைய விடுங்க. நெறஞ்ச கூடையோட நிறுக்கிற எடம் வரைக்கும் ஏறுறோம் பாருங்க, அதுதான் இடுப்ப ஒடிக்குது. நடு மலையில சாக்கு வெச்சாப் பாதிக் கூடையிலயே கொட்டிருவோம். சாக்க ஆம்பளைங்க மாறி மாறித் தூக்கட்டும்."

இவ்வளவுதானா? என்ன செய்தால் வலி குறையும் என்று ஆறு வருடத்தில் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விடுகிற நானும் கேட்கவில்லை. "மனு எழுதட்டுமா, மூணு பக்கத்துல?" என்றேன்.

"நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சிரும். அந்தத் துண்டக் குடுங்க."

வீக்கம் வடிந்த அன்று காலையில், வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டில் அந்தத் துண்டைக் கங்காணியிடம் நீட்டினாள். நானும் பஸ்ஸைத் தவறவிட்டு ஓரமாக நின்றேன்.

"இது ஒன் புருஷன் துண்டுல்ல?"

"ஆமாங்க. பேனா தூக்குனதுக்கு அவருக்கு இவ்வளவு எழுதிக் குடுத்திருக்காங்க. கூடை தூக்குற எங்களுக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன், வலிக்காமலேயே. நடு மலையில் சாக்கு வேண்டுமென்று அவள் கேட்டதும் கங்காணி தலையைச் சொறிந்தார்.

"தொரைக்கிட்டக் கேக்கணும்."

"கேளுங்க. நாங்க இங்கயே இருக்கோம். நெடுநேரம் நிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு, அதனால உட்காந்துக்கிறோம்."

உட்கார்ந்துவிட்டார்கள், அத்தனை பேரும், இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை ஈரத் தரையில் விரித்து. ஒரு மணி நேரத்துக்குள் சாக்குகள் வந்தன. அந்த ஒரு மலைக்கு மட்டும். மற்ற மலைகளுக்கு "பார்க்கலாம்" வந்திருக்கிறது. தோளோடு தோள் ஒட்டியிருக்கிற மலைகளுக்குள் இப்படி ஒரு பாகுபாடு!

வலி இன்னும் இருக்கிறது அவளுக்கு. குறைந்திருக்கிறது, போகவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்கு மறுபடி ஆஸ்பத்திரி. அந்தப் படுக்கையில் அவளைப் படுக்கச் சொல்லி, அந்த அம்மணியிடம் இந்த முதுகைப் பாருங்கள் என்று கேட்கப் போகிறேன். அவள் பெயரில், முத்திரையோடு, ஒரு துண்டு வாங்காமல் எழும்புவதில்லை. பையை நான்தான் தூக்குவேன். உடம்போடு ஒட்டித்தான்.