ஒன்பது குறையக் கூடாது

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் எப்போதும் ஒன்பது மீன் இருக்க வேண்டும். அது என் மாமியாரின் சட்டம். அத்தை குடும்பத்துக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலும் ஒரு தொட்டி உண்டு, அதில் ஒன்பது தங்கமீன். வாஸ்து பார்த்தவர் அப்படிச் சொன்னாராம். மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு என் கணவர் ஆசைப்பட்டு வாங்கி வந்தது மட்டும் தங்கமீன் இல்லை, சிக்லிட். நீலமும் மஞ்சளுமாகப் பார்க்க அழகு, குணம் சுத்த அடாவடி. தீனி போட்டால் ஒன்றையொன்று இடித்துத் தள்ளுவதைப் பார்க்க, தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் மீன் செத்தது, நான் உண்டாகியிருப்பது உறுதியான வாரத்தில். தண்ணீர் மாற்றியாகியிருந்தது, ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லை. சும்மா மிதந்தது. எனக்குப் பகீர் என்றது. அதற்கு முந்தின வருஷம்தான் நாலாம் மாதத்தில் எனக்கு ஒன்று கலைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை ஆறுதல்தான் சொன்னார். வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம், நல்லதாம். அன்று சாயங்காலமே என் கணவர் சைதாப்பேட்டையில் வளர்ப்பு மீன் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்து ஒன்பதாக்கினார்.

புது மீனை நீல ஆண்மீன் வாழவிடவில்லை. துரத்தித் துரத்தித் துடுப்பைக் கடித்தது, ஃபில்டருக்குப் பின்னால் மடக்கி வைத்துச் செதிலைப் பிய்த்தது. அது போயிற்று. மறுபடி ஒன்று வந்தது, அதுவும் போயிற்று. ஒவ்வொரு புது வரவுக்கும் தொட்டி முழுக்கக் கலவரம், பழைய மீன்களும் அடிபட்டுச் செத்தன. புதுசு விடுவதால்தான் இந்தச் சண்டை, கொஞ்ச நாள் இருப்பதோடு இருக்கட்டும் என்றேன். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் எண்ணிக்கை குறையலாமா என்று அத்தை கேட்டார். என் கணவர் வழக்கம்போல இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், கேலி பேசிக்கொண்டே நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். காலையில் பல் தேய்க்கும் முன்பே போய்த் தொட்டியை எண்ணுவேன். ஒன்று செத்துக் கிடந்தால், இன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தாலே பயமாக இருந்தது. ஒன்பதும் நீந்திக்கொண்டிருந்தால் அதைவிடப் பயம். அப்படியென்றால் வர வேண்டியது இன்னும் வரவில்லையா?

ஐந்தாம் மாத ஸ்கேன் நெருங்கிய சமயத்தில் மஞ்சள் பெண்மீன் ஒன்று தீனி எடுப்பதை நிறுத்தியது. தாடை உப்பியிருந்தது. இதற்கும் முடிவு வந்துவிட்டது என்று கடைக்காரருக்கு போன் செய்தேன். அவர் சிரித்தார்.

"வாயில முட்டை வெச்சிகினு கீது மேடம். குஞ்சு பெருசாகி வெளிய வர்ற வரைக்கும் துன்னாது. தொந்தரவு பண்ணாதீங்க, பயந்துச்சுன்னா முழுங்கிடும்."

அதற்கப்புறம் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அது பட்டினி கிடக்க, நான் அத்தை வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன். நீல மீன் அதன் பக்கம் திரும்பினாலே நான் எழுந்து நின்றுவிடுவேன்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. ஒன்பது இல்லாமல் படியிறங்கக் கூடாது என்று அத்தை புதுசு ஒன்றை வரவழைத்து விட்டார். ஸ்கேன் அன்று காலையில் பார்த்தால் தொட்டியில் ரகளை. நீலம் புதுசை விட்டுவிட்டு மஞ்சளைத் துரத்திக்கொண்டிருந்தது. மஞ்சளின் வால் கிழிந்து தொங்கியது. நான் வலையை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

"விடும்மா. இன்னைக்குப் போனா நல்லதுதான். உனக்கு வர்றத அது வாங்கிக்கிடும்."

அத்தை கெட்டவர் இல்லை. என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார், அதுதான் எனக்குக் குலைநடுக்கமாக இருந்தது. கையை உருவிக்கொண்டு மஞ்சளை அள்ளி, தொட்டித் தண்ணீர் ஊற்றிய வாளியில் விட்டு, மேலே தட்டைப் போட்டு மூடினேன்.

ஸ்கேனுக்கு ஆட்டோ பிடித்து அடையாறு கிளம்பினேன். வழி முழுக்க, கண்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய மீனைக் காப்பாற்றி வைத்துவிட்டேன், இனி வருவது யார் மேல் வரும் என்ற ஒரே நினைப்பு. டாக்டர் திரையில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். அந்த நேரத்தில், மீனைச் சாகவிட்டிருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்தது நிஜம், மறைப்பானேன். பிறகு அவர் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்கள் இப்படிப் பயந்துகொண்டே இருப்பதுதான் குழந்தைக்கு நல்லதில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தட்டைத் தூக்கினேன். மஞ்சள் மீன் உயிரோடு இருந்தது. தாடை ஒட்டிப்போயிருந்தது. வாளியில் ஒரு முட்டைகூட இல்லை, ஒரு குஞ்சுகூட இல்லை. பயத்தில் முழுங்கிவிட்டிருந்தது.

விஷயத்தைக் கேட்ட அத்தை சாமி அறை பக்கம் திரும்பிக் கும்பிட்டார். உனக்கு வந்தது குஞ்சோடு போயிற்று என்று கண்கலங்கிச் சொல்லி, என் வாயில் சர்க்கரை போட்டார். நான் அதை முழுங்கினேன். அப்புறம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"அம்மாவுக்குப் பயமே இல்ல."

குரல் நடுங்கியது. சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.