இராஜம்மாவின் முயல் தைலம்

போத்தலை நாளிதழில் இரண்டு சுற்றுச் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, பையின் வாயை இறுக்கி முடிச்சிட்ட பிறகுதான் வாசல் கதவைத் திறக்கிறார் இராஜம்மா அக்கா. தெரிந்த முகம் ஏதாவது தெருவில் போகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். இல்லையென்றால் ஒரு தலையசைப்பு. "போய்ட்டு வாங்க தம்பி. யாரும் கேட்டா நல்லெண்ணெய்னு சொல்லிக்குங்க." நானும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கள்ளச் சாராயம் வாங்கியவன்போலக் காருக்கு விரைவேன். உள்ளே இருப்பது முயல் ரத்தத் தைலம். முடி வளர்வதற்கு.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன், எட்டு மாதம் வாங்கினேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் அலுவலக வேலை. நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்பது எனக்கே குழப்பமாகிவிட்ட நேரத்தில் ஒரு நண்பர் இந்த வீட்டைக் காட்டினார். "உங்க தலையில மொளைக்குதோ இல்லையோ, தலகாணி உறையில மொளைச்சிடும்போல" என்றாள் மனைவி, எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டே. நான் விடவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்தபோது கிடைத்த மலிவு விலை வீட்டில் இருக்கிறார். கணவர் சன்னாசி தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். இறந்து பதினோரு வருடம். தைலம் காய்ச்சும் முறை மாமியார் வழியில் வந்தது. எந்நேரமும் கைலி, மேலே ஏதோ ஒரு தேர்தலில் கொடுத்த சட்டை. எந்தக் கட்சி என்று படிக்க முடியாத அளவுக்கு அது வெளுத்துவிட்டது.

விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போவார். சீனக் காய்கறிக்காரர் கழித்துப் போடும் கங்குங் கீரைக்காகத்தான். ஓசியில் வாங்குகிறோமே என்ற தயக்கமெல்லாம் கிடையாது. "இது அழுகிப் போச்சு லா, தவுக்கே. என் புள்ளைங்களுக்கு வயித்தால போச்சுன்னா நீயா வந்து கழுவுவே?" அவருக்கு அங்கே 'அர்னாப் ஆன்ட்டி' என்று பெயர். மலாயில் அர்னாப் என்றால் முயல்.

வாசலில் ஒரு கூண்டில் ஒரேயொரு வெள்ளை முயல் இருக்கும், கடைக்குப் பெயர்ப்பலகைபோல. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து, "ஆமைகிட்ட தோத்த முயல்!" என்று கத்துவார்கள். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "தூங்குனது ஒரு குத்தமாடா? முயலு பகல்ல தூங்குற ஜாதி. அதப் பட்டப்பகல்ல ஓட வுட்டான் பாரு, அவனப் போயி கேளு!"

மற்ற முயல்கள் கொல்லைப்புறத்தில், கித்தான் போர்த்திய கூண்டுகளில். அந்தப் பக்கம் யாரையும் விடமாட்டார். ஒரு போத்தலுக்கு ஒரு முயல் என்பது பேச்சு. "வெட்டுற பாவம் என்னோட போகட்டும். நீங்க பாக்காதீங்க" என்பார். எங்களுக்கும் அதுதான் வசதி. புரட்டாசி முழுதும் கவிச்சி தொடாதவர்கள்கூட இந்தப் போத்தலை மட்டும் நிறுத்துவதில்லை. தலைக்குத்தானே, வாய்க்கா என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். நான் அதுகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. அக்கா பின்னால் அடுப்பில் எண்ணெய் ஏற்றியிருந்தார். நான் கூடத்தில் காத்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து புஷ்பா என்ற பெண்மணி மகளோடு வந்தார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பழம், புதுச்சேலை. மகள் ரூபினிக்குப் பதினைந்து வயது. சென்ற ஆண்டு புற்றுநோய்க்குப் பெரிய மருத்துவமனையில் கீமோ கொடுத்ததில் முடி முழுதும் கொட்டிவிட்டது. அப்புறம் ஒன்பது மாதம், ஒன்பது போத்தல். இப்போது தலையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சுருள் சுருளாக முடி.

"நீங்கதான் அக்கா எங்களுக்குச் சாமி" என்று தாம்பாளத்தை நீட்டினார் புஷ்பா. அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. ரூபினியும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"இவ உங்ககிட்ட ஒன்னு கேக்கணுமாம். கோயில்ல மானமே போச்சு அக்கா."

நடந்தது இதுதான். மருந்து முடிந்ததிலிருந்து ரூபினி கறி சாப்பிடுவதில்லை. ஒன்பதாவது போத்தலுக்குப் பிறகு வெள்ளிதோறும் மாரியம்மன் கோயிலில் ஒன்பது விளக்கு ஏற்றினாள். நவக்கிரகத்துக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் மகள் அர்ச்சனைச் சீட்டை நீட்டியபோது குருக்கள் வழக்கம்போலப் பெயரும் நட்சத்திரமும் கேட்டிருக்கிறார். "பேரு தெரியாது சாமி. ஒம்பது முயலு" என்றிருக்கிறாள். குருக்கள் சிரித்துவிட்டார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"ஆன்ட்டி, அந்த நைன் முயலுக்கும் பேரு இருந்துச்சா?" வாசற்படியைப் பார்த்தே கேட்டாள் ரூபினி. "எனக்காகத்தானே செத்துச்சு. மொட்டையா ஸ்கூலுக்குப் போனப்பகூட எனக்கு வெக்கமா இல்ல. இப்ப முடி மொளைக்குது, மிரர் பாக்கவே வெக்கமா இருக்கு. பேரு சொன்னீங்கன்னா சாமிகிட்ட சொல்லி சாரி கேட்டுடுவேன்."

நானோ எட்டுப் போத்தல் முடித்திருக்கிறேன். ஒரு முயலைப் பற்றியாவது ஒரு நிமிடம் நினைத்திருப்பேனா? ஒன்பதாவதை வாங்குவதற்கல்லவா உட்கார்ந்திருக்கிறேன். பையிலிருந்த கார்ச் சாவியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அக்கா வாய்க்கு வந்த ஒன்பது பெயரைச் சொல்லியிருக்கலாம். அர்ச்சனை முடியும், சேலை மடிக்கு வரும், வியாபாரம் அதுபாட்டுக்கு நடக்கும். அவர் அப்படியே சொல்லித் தொலைத்தால் தேவலை என்றுதான் எனக்கும் இருந்தது.

"வா கண்ணு" என்றார் அக்கா. எங்கள் மூவரையும் கொல்லைக்குக் கூட்டிப் போனார். அடுப்பை அணைத்தார். கித்தானை ஒரே இழுப்பில் இழுத்துக் கீழே போட்டார்.

"இது போண்டா. இது பஞ்சு. அது கோப்பி. இவ கருப்பாயி, கிழவியாயிட்டா. பதினாலு இருக்கு. ஒன்னும் சாகல. ஒன்ன கூட நான் வெட்டல."

அக்கா கூண்டைப் பிடித்துக்கொண்டு பேசினார். "அவரு போன புதுசுல, பொழைக்கணுமேன்னு ஒருவாட்டி கத்திய எடுத்தேன். முயலு ஆயுசுக்கும் வாயத் தொறக்காது. அன்னிக்குக் கத்துச்சு பாரு, கைப்புள்ள கத்துற மாதிரி. கத்திய போட்டுட்டேன். அப்போலேர்ந்து வேம்பாளம் பட்டதான். கிள்ளான்ல நாட்டு மருந்துக் கடையில வாங்குறது. எண்ணெயில போட்டா ரத்தமாட்டம் செவந்துக்கும்."

"அப்ப இவ முடி?" என்றார் புஷ்பா.

"மருந்த நிப்பாட்டுனா தானா மொளைக்கும்னு டாக்டர் சொல்லலியா?"

"சொன்னாங்க." புஷ்பாவின் குரல் இறங்கிப் போயிருந்தது. "நான்தான் நம்பல."

"வெட்டவும் எனக்குத் தைரியம் இல்ல, வெட்டலன்னு சொல்லவும் தைரியம் இல்ல. பச்சப்புள்ளைய அழ வுட்டுட்டேன். நாலு வார்த்த ஏசிட்டுப் போம்மா."

புஷ்பா ஏசவில்லை. தாம்பாளத்தை மெல்லத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஏசியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ரூபினி கூண்டின் முன் குந்தி உட்கார்ந்து, விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். ஒன்பதில் நிறுத்தினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். தோள்கள் குலுங்கின, சிரிப்பா அழுகையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. "இவ பேரு என்னா சொன்னீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"கருப்பாயி" என்றார் அக்கா. ரூபினியின் பின்னால் வந்து நின்றார். அந்தச் சுருள் முடியைத் தொடக் கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. காலையிலிருந்து பட்டை உதிர்த்த கை. உள்ளங்கை முழுதும் சிவப்பு. கைலியில் அழுத்தித் துடைத்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொரு முறை துடைத்தார். பிறகு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.