ஏற்காடு: அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவே

தீபாவளி முடிந்து பத்து நாளாகியும் எங்கள் பனியன் கம்பெனியில் தையல் லைன் ஓடவில்லை. தெற்கே ஊருக்குப் போன டெய்லர்கள் இன்னும் திரும்பவில்லை. தைக்க ஆள் இல்லாத இடத்தில் தேய்க்க ஆள் எதற்கு? நான் அயர்ன் மாஸ்டர். திருப்பூரில் துணி வெட்டுகிறவர் மாஸ்டர், தேய்க்கிறவர் மாஸ்டர், டீ போடுகிறவரும் மாஸ்டர். வெளியூரில் இந்தப் பட்டம் வாங்க ஐந்து வருஷம் காலேஜில் படிக்க வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன்.

சும்மா வீட்டில் கிடந்தவனுக்கு நாமக்கல் ஹாஸ்டலில் இருந்து மகள் கவிதா போன் செய்தாள். "அப்பா, ஏற்காட்டுல இப்ப ஆஃப் சீசன். ரூமு பாதி விலைக்கும் கம்மி. போட்டுட்டேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க." ஆஃப் சீசன் என்றால் கம்பெனிக்கு ஆர்டர் வராத காலம் என்றுதான் எனக்குத் தெரியும். மலைக்கும் ஆர்டர் வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

காலை ஏழு மணிக்குத் திருப்பூர் ஸ்டேஷனில் நானும் என் மனைவி சரசும் ஏறினோம். கோவையிலிருந்து சென்னை போகிற ரயில். சேலம் வரைக்கும் டிக்கெட். ஒரு பிரியாணியின் விலைகூட இல்லை. ஜன்னலோரம் சரசுவுக்கு. வழியோரம் எனக்கு, ஏனென்றால் நான் பாக்குப் போடுகிறவன், அடிக்கடி எழுந்து போய்த் துப்ப வேண்டும்.

இந்தப் பாக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பல் டாக்டரிடம் போனேன். வாயைத் திறந்தால் மூன்று விரல் உள்ளே போக வேண்டுமாம். எனக்கு இரண்டுதான் போனது. "பேசறதுக்கு இது போதாதுங்களா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இப்படியே பாக்குப் போட்டா வாய் இறுகிரும். இன்னும் கொஞ்ச நாள்ல சோறு திங்கவே ஸ்ட்ரா வேணும்" என்றார். பக்கத்தில் இருந்த சரசுவும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மருந்து கொடுக்கிற மாதிரி என்னைத் திட்டிவந்தாள். நானும் மருந்து குடிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டுவந்தேன்.

ஊத்துக்குளி தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த வடநாட்டு இளம் ஜோடியில் அந்தப் பெண், தூங்கி விழுந்த புருஷனின் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "ஏ பிண்டூ! பிண்டூ!" என்று எழுப்பியது. பெட்டியே கேட்டது. அவனும் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"பாத்தியா புள்ள?" என்றேன் சரசுவிடம். "எவ்வளவு ஆசையாப் பேரைச் சொல்லிக் கூப்பிடுது! நமக்கு இருவத்திரெண்டு வருசம். என் பேரு உனக்குத் தெரியுமா தெரியாதான்னே எனக்குச் சந்தேகமா இருக்குது."

"அது அவங்க ஊர்ல அப்படிங்க. நம்மூர்ல பேரச் சொன்னா ஊட்டுக்காரருக்கு ஆயுசு கொறஞ்சிரும்பாங்க."

இங்கே என் பெயரைச் சொல்ல வேண்டும். ஆறுமுகம். இது சரசுவுக்குப் பெரிய இம்சை. பெயரைச் சொல்லாமல் இருப்பது சுலபம், அதற்கு 'ஏனுங்க' இருக்கிறது. ஆனால் அவள் 'ஆறு' என்கிற சத்தத்தையே வாயில் விடுவதில்லை. எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் டேபிளில் நின்று பனியனைப் பார்த்து எண்ணி அடுக்குகிறவள் அவள். "நாலு, அஞ்சு, அதுக்கடுத்தது, ஏழு" என்றுதான் எண்ணுவாள். காபி அவளுக்கு ஆறாது, 'சூடு போயிரும்'. காவேரிகூட அவளுக்கு ஆறு கிடையாது, 'பெரிய தண்ணி'. புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர், ஒரு டஜனுக்குப் பதினோரு பீஸ்தான் எண்ணுகிறாள் என்று மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

சரசு ஜன்னலில் இருந்து என் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா விட்டுப்போடுவீங்களா?"

"எதை?"

"நான் பேரச் சொன்னா நீங்க பாக்கை விட்டுப்போடுவீங்களா?"

நான் யோசித்தேன். சொல்லாவிட்டால் பாக்கு மிஞ்சும். சொல்லிவிட்டால் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிடலாம். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு லாபம். வாழ்க்கையில் நான் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

"சத்தமாச் சொல்லோணும். நாலு பேரு கேக்கோணும். திருப்பூர் ஸ்டேஷன்ல திரும்பி எறங்கறதுக்குள்ள சொல்லோணும். சொன்னீன்னா அந்த நிமிசமே விட்டுப்போடறேன்."

"அப்பன் முருகன் மேல சத்தியமா?"

"அப்பன் முருகனே நாந்தான் புள்ள!" என்றேன். அதற்கு ஒரு குத்து விழுந்தது.

ஈரோடு தாண்டிக் காவேரிப் பாலத்தில் ரயில் ஏறியதும் சரசு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். வாயைத் திறந்தாள். "ஆ..." என்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாங்க, காத்து நல்லா வருதுங்க" என்று முடித்துவிட்டாள். பாலம் முடிவதற்குள் நான் அடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

எட்டே முக்காலுக்குச் சேலம் ஜங்ஷன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் புது பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஏற்காடு பஸ். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் போர்டு வைத்து நம்பர் எழுதியிருக்கிறார்கள். நம்பரைக் கண்டால் சரசுவுக்கு வாய் சும்மா இருக்காது. செக்கிங் வாய். "மூணு... நாலு... அஞ்சு..." அடுத்த வளைவு வந்தது. பஸ் திரும்பியது, நான் திரும்பினேன், சரசுவும் என்னைப் பார்த்தாள். கழுத்து நரம்பெல்லாம் எழுந்தது. "அதுக்கடுத்தது" என்றாள், பாவம், கண்ணை மூடிக்கொண்டு. வளைவுச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகூட என்னைப் பார்த்து இளித்தது.

மேலே ஏற ஏறக் காது அடைத்தது, குளிர் ஏறியது. காப்பிச் செடிகள், மிளகுக் கொடி சுற்றிய உயரமான மரங்கள், எல்லாவற்றிலும் முந்தின ராத்திரி மழை சொட்டிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு ஏற்காட்டில் இறங்கினால் ஊர் காலி. சீசனில் இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்கிற ரூமுக்குத் தொள்ளாயிரம். அதற்கே ரூம்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். "எந்த ஊருங்க?" என்றார். "திருப்பூருங்க." "அட, இன்னைக்கு வந்ததெல்லாம் உங்க பக்கத்து ஆளுங்கதான். உங்களுக்கெல்லாம் லீவு போல." அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு ஏரிக்குப் போனோம். தண்ணீர் பச்சையாகப் படுத்துக் கிடந்தது. மிதிபடகுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போய்க்கொண்டிருந்தன. பெரும்பாலும் ஆண்கள். அவர்களுடைய பெண்களெல்லாம் கரையில் ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். சரசுவும் நின்றுவிட்டாள். "தண்ணிக்கு நான் வரலீங்க. நீங்க போயிட்டு வாங்க."

படகுக்காரர் ஒரு மிதவைச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். சரசு அதைப் பிடுங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, இது தையல் விட்டிருக்குதுங்க. வேற குடுங்க." இரண்டாவதில் நூல் நீட்டிக்கொண்டிருந்தது, பல்லால் கடித்து எடுத்தாள். மூன்றாவது பாஸ். படகுக்காரர், "அம்மா, இது எக்ஸ்போர்ட்டுக்குப் போகலீங்க" என்றார்.

இருவர் மிதிக்கிற படகில் நான் ஒருத்தன். என் எடைக்கு அது ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, முதல் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. கரையில் பெண்கள் சிரித்தார்கள். கைதட்டல் கேட்டால் நான் நிறுத்துவேனா? கை வீசிக்கொண்டே நடு ஏரிக்குப் போய்விட்டேன். அங்கே போய், நிம்மதியாக ஒரு பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டினேன்.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. மெல்ல வரும் என்று நினைத்தேன். இது மேலிருந்து யாரோ போர்வையை உதறிப் போட்ட மாதிரி வந்தது. கரை போச்சு, மரம் போச்சு, என் கால் விரலே போச்சு. படகுத்துறையில் விசில் ஊதினார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"ஏனுங்க!" என்று சரசுவின் குரல் கேட்டது.

"என்னுங்க?" என்றது பனிக்குள் ஒரு ஆண் குரல். நான் இல்லை. "ஏம்புள்ள?" என்றது இன்னொன்று. "இங்கதான் இருக்கறேன் சாமி!" என்றது மூன்றாவது, தூரத்திலிருந்து.

ரூம்காரர் சொன்னது இப்போது புரிந்தது. ஏரி முழுக்க எங்கள் பக்கத்துப் புருஷன்மார். எல்லாருக்கும் பெயர் 'ஏனுங்க'தான்.

நான் ஏன் பதில் சொல்லவில்லை? வாய் நிறையப் பாக்குச் சாறு. ஏரியில் துப்பினால் அபராதம் என்று படகுத்துறையில் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன். நான் முழுதாகப் படித்த ஒரே போர்டு அது. வாயைத் திறந்தால் வழியும், துப்பினால் அபராதம். "ம்ம்ம்!" என்றேன். அது மாடு கத்துகிற மாதிரிதான் இருந்திருக்கும்.

"கவிதா அப்பா!" என்றாள் சரசு. குரல் ஏறியிருந்தது.

"எங்க ஊட்லயும் கவிதாதானுங்க, ஆனா நான் வெள்ளகோயிலுங்க!" என்றது பனி.

"அயர்ன் மாஸ்டருங்க!"

"நானும் அயர்ன் மாஸ்டர்தானுங்க, அவிநாசி!"

கரையில் யாரோ ஒரு அம்மா, "ஏங்கண்ணு, இப்படிக் கூப்பிட்டா ஊரே திரும்பும். பேரச் சொல்லிப்போடு" என்றது காதில் விழுந்தது. அப்புறம் படகின் அடியில் தண்ணீர் மட்டும் களக் களக் என்றது. எனக்கு விளையாட்டெல்லாம் போய்விட்டது. அவள் பயந்துபோய் நிற்கிறாள், நான் பாக்கை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"ஆறுமுகம்!"

ஏரியே அதிர்ந்தது.

"ஆறுமுகம்! ஆறுமுகம்ங்க!"

பெயரைச் சொல்லிவிட்ட பிறகும் அந்த 'ங்க'வை விடவில்லை பாருங்கள். நான் பாக்கை அப்படியே முழுங்கிவிட்டேன். தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. பாக்கினால்தான் வந்தது என்று இன்று வரை சொல்லி வருகிறேன்.

"ஏனுங்க?" என்றேன் நான்.

பனிக்குள் இருந்து கைதட்டல் எழுந்தது. "ஆறுமுகம்ங்க, ஊட்டுல தேடறாங்க, போங்க!" என்றார் அவிநாசிக்காரர்.

"பேரை உட்டுடாத புள்ள! சத்தம் வர்ற பக்கம் வர்றேன்!" என்று கத்தினேன். அவளும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் என் பெயர் கொஞ்சம் கிட்ட வந்தது. எதிரில் ஒன்றும் தெரியாமல், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே மிதித்தேன். படகு அப்போது மட்டும் நேராகப் போனது.

கரை தட்டியதும் சரசு அழுகையும் சிரிப்புமாக நின்றாள். ஆனால் கை மட்டும் நீண்டது. "எடுங்க."

சட்டைப் பையில் இருந்த இரண்டு பொட்டலத்தைக் கொடுத்தேன். அவள் போகவில்லை. செக்கிங் கை அல்லவா, பேண்ட் மடிப்பைத் தடவி ஒன்றை எடுத்தது, பனியனுக்குள் இருந்து ஒன்றை எடுத்தது. வீரமாக எல்லாவற்றையும் ஏரியில் வீசப் போனேன். "அண்ணே, ஏரியில போட்டாலும் அபராதம்தான். குப்பைத்தொட்டி அங்க இருக்கு" என்றார் படகுக்காரர். தியாகம் செய்யக்கூட வழிமுறை இருக்கிறது.

சாயங்காலம் ஏரிக்கரையில் எல்லாரும் ஒரே பஜ்ஜிக் கடையில் கூடினோம். என்னைக் கண்டதும் வெள்ளகோயில்காரர் எழுந்து, "வாங்க ஆறுமுகம்ங்க!" என்றார். ஆஃப் சீசன் என்பதால் கடைக்காரர் மிளகாய் பஜ்ஜியை எண்ணாமலே வைத்தார்.

"சீக்கிரம் சாப்பிடுங்க, சூடு போயிரும்" என்றாள் சரசு.

"மறுபடியும் சூடு போயிருமா? ஆறிரும்னு சொல்லு புள்ள. இனி என்ன?"

"அது பனிக்கு மட்டுந்தானுங்க" என்றாள், தலையைக் குனிந்து சிரித்தபடி. அவிநாசிக்காரர் மனைவி மட்டும் தன் வீட்டுக்காரரை ஒரு மாதிரி பார்த்து, உதட்டை அசைத்து ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் மலை இறங்கினோம். பனி கலைந்து, வளைவுக்கு வளைவு கீழே சேலம் வெயிலில் பரந்து கிடந்தது. எங்கள் ஊரில் இவ்வளவு தூரம் எதையும் பார்க்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கம்பெனிச் சுவர் இருக்கும். என் வாய் மட்டும் பாக்குக்கு ஊறி ஊறி நமநமத்தது. முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரசு பையில் இருந்து ஏலக்காய் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, இறக்கத்தில் எண்ண ஆரம்பித்தாள். இருபது, பத்தொன்பது என்று இறங்கிக்கொண்டே வந்தது. குரங்குகள் அங்கேயே இருந்தன.

"ஒம்பது... எட்டு... ஏழு..."

நான் ஏலக்காயைக் கடிக்காமல் காத்திருந்தேன். வளைவு வந்தது. பஸ் திரும்பியது. சரசு போர்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க" என்றாள். "அஞ்சு..."