ஐந்து பொட்டுப் பேய்ப்படம்

வீட்டில் உட்கார்ந்து பார்க்க நல்ல பேய்ப்படமாக ஒன்று சொல்லு என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். திண்டுக்கல்லில் வீடியோ கேசட்டை வாடகைக்கு விட்டவன் நான், கேட்கத்தான் செய்வார்கள். தொண்ணூறுகளில் ஊரில் பாதிப் பேரைப் பயமுறுத்தியவன் என்று எனக்கு ஒரு பெயர். உண்மையில் கடையிலிருந்த ஒரு பேய்ப்படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அட்டைப் படத்தையே ஓரக்கண்ணால்தான் பார்ப்பேன். அந்த அலமாரியை முதலில் என் முதுகுப் பக்கம் வைத்திருந்தேன். அவை என் முதுகையே பார்ப்பதுபோல் இருந்ததால் எதிர்ச்சுவருக்கு மாற்றினேன்.

படிப்பும் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். கேசட்டில் பெயரெல்லாம் இங்கிலீஷ். எது அதிகப் பயம் என்று எப்படிச் சொல்வது? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கேசட்டைத் திருப்பித் தரும்போது நாடாவை முதலுக்குச் சுற்றித் தர வேண்டும் என்பது கடை வழக்கம். பயந்தவன் எங்கே சுற்றுவான்? பாதியில் நிறுத்திப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவான். கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் நாடா நிற்கிற இடம் தெரியும். பாதியில் நின்று வந்தால் அந்தக் கேசட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. இரண்டு தடவை நின்றால் இரண்டு பொட்டு. பொட்டு கூடினால் பயம் அதிகம் என்று கேட்கிறவர்களிடம் சொல்வேன்.

ஐந்து பொட்டு வாங்கியது ஒரே ஒரு படம்தான். அட்டையில் தலையை விரித்துப் போட்ட ஒரு பொம்பளை. ஐந்து வீட்டுக்குப் போய், ஐந்து தடவையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்று வந்தது. ஐந்தாவதாக எடுத்துப்போனது எங்கள் தெரு டீச்சர். டிவி மேல் ஜெபமாலையை வைத்துவிட்டுத்தான் பேய்ப்படம் போடுவார்.

"எப்புடி டீச்சர் இருந்துச்சு?"

"ம்... இருந்துச்சுப்பா" என்று வேறு பக்கம் பார்த்தார். பேச முடியாத அளவுக்குப் பயந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சின்னாளப்பட்டியில் பெண் பார்த்தார்கள். நெசவுக்காரர் வீடு. பெண் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"பேய்ப்படம் பாப்பீங்களா? எனக்கு அதுன்னா உசுரு. பயந்த ஆளுன்னா நமக்குச் சரிப்படாது, இப்பவே சொல்லிருங்க."

"பயமா? தனியா ஒக்காந்து சோறு தின்னுக்கிட்டே பாப்பேன்."

அந்த ஒரு பொய்யில்தான் கல்யாணம் முடிவானது. அது வெளியே வந்தால் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தே எனக்குப் பாதி நாள் தூக்கம் வரவில்லை. அவளை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

கல்யாணமாகிக் கடைக்கு வந்தவள் கேசட்டைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "இது எவ பொட்டு?" விளக்கம் சொன்னேன். "அப்ப அந்த அஞ்சு பொட்டக் கொண்டாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படத்தைப் போட்டோம். நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன், அவள் சாத்தினாள். நான் கதவைத் திறந்தேன், அவள் சாத்தினாள்.

"காத்து வரட்டும்னு பாத்தேன்."

"பேய் வரட்டும், ஒக்காருங்க."

தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். படத்தில் ஒருவன் கார் ஓட்டினான். இறங்கிக் காபி குடித்தான். மறுபடியும் கார் ஓட்டினான். இதோ வருகிறது, இதோ வருகிறது என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்தேன். திடீரென்று பக்கத்தில் கர்ர் என்று ஒரு சத்தம். பாய்ந்து போய் வீடியோ டெக்கை நிறுத்திக் கேசட்டைப் பிடுங்கிவிட்டேன்.

சத்தம் போட்டது என் பெண்டாட்டி. தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கேசட்டைப் பார்த்தேன். நாடா அதே இடத்தில் நின்றிருந்தது. ஐந்து வீட்டிலும் இந்த இடத்தில் தூக்கம் சொக்கி, நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார்கள்! பொட்டு ஏற ஏற, அந்தப் படத்துக்குத் தூங்கினேன் என்று யார் வாயைத் திறப்பார்கள்?

அவள் விழித்துக்கொண்டாள். "செத்த நேரம் கண்ணசந்துட்டேன். அப்பறம் என்னாச்சு?"

தனியாகப் பேய்ப்படம் பார்க்கிறவன் என்று சொல்லி வைத்தவனாயிற்றே, சொல்லித்தானே ஆக வேண்டும். காபி குடித்தவன் ஒரு கிணற்றடியில் தங்குகிறான் என்று ஆரம்பித்தேன். இறைக்க இறைக்க வாளியில் தண்ணீருக்குப் பதில் முடி வருகிறது. கடைசி வாளியில் அவனுடைய முகமே வருகிறது. சொல்லச் சொல்ல நானே தலையணையை இறுக்கிக்கொண்டேன். அவள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நான் கடையில் இருந்தபோது, அவள் வீட்டில் மிச்சப் படத்தையும் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் கடைக்கு வந்து கேசட்டை மேசையில் வைத்தாள். முதலுக்குச் சுற்றியிருந்தது.

"கெணறே வரலையே?"

"நான் ஒரு பேய்ப்படமும் பாத்ததில்ல புள்ள. பயம். ஒன்னக் கட்டிக்கணும்னு சொன்ன பொய்யி."

அவள் கேசட்டைக் கையில் எடுத்துப் பொட்டுகளை எண்ணினாள். அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தார். "ஏப்பா, கெணத்துப் பேய் படம் ஒன்னு இருக்காமே? காலையில தண்ணி புடிக்கிற எடத்துல ஒன் வீட்டுக்காரி சொன்னா, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அதக் குடு."

அவள்தான் பதில் சொன்னாள்.

"அது கேசட்டுல இல்ல டீச்சர், இந்தாளு வாயிலதான் இருக்கு. பேய்ப்படமே பாக்காத பயந்தாங்கொள்ளி. சொல்லச் சொன்னா என்னையே நடுங்க வச்சுட்டாரு."

பேசிக்கொண்டே அந்தக் கேசட்டிலிருந்த ஐந்து பொட்டையும் நகத்தால் உரித்து, ஒவ்வொன்றாக என் முழங்கையில் ஒட்டினாள். டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க" என்றாள். "வாளியில இருந்து ஆரம்பிங்க."