வீரமுத்துவின் கறுத்த கூட்டாளி

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, புளத்கொகுபிட்டியக் கடைத்தெருவில், காசிம் நானாவின் தேநீர்க் கடையில் மூன்று பெரிய மனிதர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவன் நான்.

எதற்காக என்று கேட்கிறீர்களா? ஒரு பாட்டுக்காக. சொத்துக்காகச் சண்டை போட்டிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருந்திருக்கும்…

வாராவாரம் இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்கு நான் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஹெட் கிளாக்கர் என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. யார் எந்த மலையில் வேலை செய்தார்கள் என்று செக்ரோலில் எழுதுவது என் உத்தியோகம். செக்ரோலில் பேர் இருந்தால் ஆள் உண்டு, லயத்தில் குடியிருக்கக் காம்பரா உண்டு. பேரை வெட்டினால் இரண்டும் இல்லை. பேனா என் கையில் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இப்போது இல்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர்கள் பாடிக்கொண்டேதான் வெட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மரங்கள். விடிகிற நேரத்து இருட்டு, அதற்கு மேல் மர இருட்டு. பக்கத்து ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டான். அதனால் இந்தச் சரிவில் ஒருவன் ஓரடி பாடுவான், அந்தச் சரிவில் இருப்பவன் மறு அடி பாடுவான். பதில் வராவிட்டால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். பாம்பு கடித்திருக்கலாம், வழுக்கி விழுந்திருக்கலாம். பாட்டு அங்கே பொழுதுபோக்கு இல்லை. இது எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

வீரமுத்து நம்முடைய நல்ல பால்வெட்டு ஆட்களில் ஒருவன். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. குரல் மட்டும் நல்ல கனம். பக்கத்துச் சரிவில் வெட்டுகிறவன் ராமையா, அவனுடைய கூட்டாளி. இரண்டு பேரும் புதிதாக ஒரு பாட்டுக் கட்டிப் பாடத் தொடங்கியிருந்தார்கள். ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் காதில் விழும். வீரமுத்து பாடுவது இது:

விடியும் முன்னே வந்து நிக்கும் கறுத்த கூட்டாளி
வெறும் வயித்துப் பசி மறக்கும் அருமைக் கூட்டாளி
ஆத்தோரம் தோணி நிக்குது, வாடா கூட்டாளி
அக்கரைக்குப் போயிருவோம், வாடா கூட்டாளி

அந்தச் சரிவிலிருந்து ராமையா:

நான் வரல்ல, நான் வரல்ல, நீ போ கூட்டாளி
நூறு மரம் பாக்கியிருக்கு, நீ போ கூட்டாளி

கேட்டவுடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. சிநேகத்தைப் பற்றி இத்தனை எளிமையாக யார் பாடினார்கள்? ராமையா நல்ல கறுப்பு. விடியுமுன் வீரமுத்துவின் காம்பரா வாசலில் வந்து நிற்பவன். ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பவன். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? இதை அப்படியே பத்தியில் எழுதிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காசிம் நானாவின் கடையில் பெருமையாகப் பாடிக் காட்டினேன்.

எங்கள் தோட்டத்து மருந்தறையைப் பார்க்கும் டிஸ்பென்சர் எதிரில் இருந்தார். என்னைப் போல யாழ்ப்பாணத்துக்காரர். நான் வடக்கு என்றால் தெற்கு என்று சொல்வதற்காகவே படைக்கப்பட்டவர்.

"உதிலை சிநேகிதமும் இல்லை, மண்ணும் இல்லை. உது அபின்" என்றார். "கறுப்பு எது? பசியை மறக்கச் செய்யிறது எது? ஆத்துக்கு அங்காலை ஒருத்தன் ஒளிச்சு விக்கிறான் எண்டு ஊருக்கே தெரியும். உமக்குத்தான் காணும் தெரியாது."

பெரிய கங்காணி பக்கத்து பெஞ்சில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் இருவரையும் பாவமாகப் பார்த்தார்.

"ரெண்டு பேருமே படிச்சவங்க, அதான் நேரா பாக்க மாட்டேங்கிறீங்க. ஆத்தோரம் தோணி நிக்குதுங்கிறான். அக்கரைக்குப் போவோம்ங்கிறான். இதுக்கு மேல ஒருத்தன் எப்படிங்க சொல்லுவான்? சேந்து ஓடப் பாக்குறானுங்க. றக்வான பக்கத்துத் தோட்டத்துக்கு எவனோ ஆள் புடிக்கிறானாம்."

"சரி, ராமையா வரல்ல என்கிறானே, அது எதற்கு?" என்று நான் கேட்டேன்.

"இன்னைக்கு வரல்லங்கிறான். மரம் பாக்கியிருக்காம். நூறையும் வெட்டிட்டுப் போவான் போல."

டிஸ்பென்சரிடம் கேட்டால், "அது சும்மா, ராகத்துக்குப் போட்டது" என்றார். என் வியாக்கியானத்திலும் அந்த இரண்டு அடிக்கு இடமில்லை. ஆக மூன்று மேதைகளும் நாலு அடிக்குப் பொருள் சொல்லி, இரண்டு அடியைத் தூக்கிப் போட்டுவிட்டோம். தேநீர் மூன்று முறை வந்தது. குரல் உயர்ந்தது. காசிம் நானா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்த மனுசன்ட்டயே கேட்டா முடிஞ்சி போச்சே" என்றார். நாங்கள் அவரை மதிக்கவே இல்லை. பாடியவனிடம் போய்ப் பொருள் கேட்பதா? பிறகு நாங்கள் எதற்கு?

எழுந்து வரும்போது கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எதுக்கும் அவனுங்களப் பிரிச்சுப் போட்டிருங்க ஐயா. ராமையாவ மேல்மலைக்கு மாத்திருங்க. நாளைக்கு ஆள் ஓடிட்டா தொரை என்னையத்தான் கேப்பாரு."

எனக்கு அவர் சொன்னதில் நம்பிக்கை இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் இரண்டு பேரையும் பிரித்தால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் டிஸ்பென்சரின் வாயும் நிற்கும் என்று ஓர் அற்ப எண்ணம் வந்தது. திங்கட்கிழமை காலை, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ராமையாவை மேல்மலையில் போட்டேன். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

பாட்டு நிற்கவில்லை. வீரமுத்து தனியாகவே பாடினான். நாலு அடியும் பாடிவிட்டு நிறுத்துவான். கொஞ்ச நேரம் சும்மா இருப்பான். மறுபடியும் முதலிலிருந்து பாடுவான். அவனுக்குப் பக்கத்துச் சரிவில் போட்ட புது ஆளுக்கு அந்தப் பாட்டு தெரியாது. வெறும் "ஓய்" கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை பால் நிறுவை முடிந்ததும் ராமையா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தான். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, என்னைய பழைய மலைக்கே போட்டுருங்க."

"ஏன், மேல்மலை என்ன கடித்ததா?"

"இல்லீங்க… வீரமுத்து தனியா இருக்கான்."

"அவன் என்ன பச்சைப் பிள்ளையா?"

அவன் எதையோ சொல்ல வந்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்ற கங்காணியைப் பார்த்தான். "ஒண்ணுமில்லீங்க" என்று போய்விட்டான். "பாத்தீங்களா?" என்றார் கங்காணி. நானும் பார்த்தேன். அட, இதில் ஏதோ இருக்கத்தான் இருக்கிறது என்று எனக்கும் பட்டது. அந்த ஏதோ எது என்பதில்தான் கோட்டை விட்டேன்.

வியாழக்கிழமை காலை வீரமுத்து பெரட்டுக்கு வரவில்லை.

கங்காணியின் முகத்தில் கவலையைவிட வெற்றிதான் அதிகம் தெரிந்தது. "நான் சொல்லல? ஓடிட்டான். பேர வெட்டிருங்க ஐயா. புது ஆளுங்க வந்து காம்பரா இல்லாம நிக்கிறாங்க." டிஸ்பென்சரும் அங்கே வந்திருந்தார். ஓடியதாக இருந்தாலும் அபினைத் தேடித்தான் ஓடியிருப்பான் என்று தன் கட்சியை விடாமல் வாதாடினார். நான் செக்ரோலைத் திறந்தேன். பேனாவில் மை தொட்டேன்.

அப்போதுதான் வீரமுத்துவின் மனைவி செல்லாயி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். பின்னால் ராமையா. எங்கள் தோட்டத்தில் கொஞ்சம் தேயிலையும் உண்டு; அந்தக் கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்தாள், முதுகில் கூடை அப்படியே இருந்தது.

"பேர வெட்டாதீங்க சாமி. சொல்லிடுறேன். சொன்னாலும் வெட்டுவீங்கன்னுதான் இத்தன நாளா வாயத் தொறக்கல."

அவள் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் கல் சரிந்து காலில் விழுந்த வலிக்காக வீரமுத்து அபினியைத் தொட்டான். வலி போனது, அபினி போகவில்லை. காலை எழுந்ததும் மிளகளவு உருண்டை இல்லாவிட்டால் உடம்பு நடுங்கும். போன மாதம் அதை விட்டுவிடுவதென்று மூன்று பேரும் ஒரு தீர்மானம் செய்தார்கள். விடியற்காலையில்தான் அது அவனைப் போட்டு உலுக்கும். அந்த நேரத்தில் அவன் மலையில் தனியாக இருப்பான், கீழே ஆறு தெரியும். அதற்காகத்தான் அந்தப் பாட்டு.

"அது கூப்பிடுறதத்தான் அவரு பாடுறாரு. வரல்லன்னு சொல்ல அவருக்குத் தெம்பு இல்ல. அத ராமையா அண்ணன் சொல்லிக் குடுக்கும். அதக் கேட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போவாரு. இப்படியே இருவத்தாறு நாளு போச்சுங்க. திங்கக்கிழமையில இருந்து கூப்பிடுறது மட்டுந்தான் இருக்கு. வரல்லன்னு சொல்ல ஆளு இல்ல. இன்னைக்கு விடியுமுன்னே ஆத்துப் பக்கம் எறங்கிட்டாருங்க."

பேனாவைக் கீழே வைத்தேன். எனக்குக் காது சுட்டது.

டிஸ்பென்சர்தான் மெதுவாக, "என்னட்டை ஒருக்கா வந்திருக்கலாமே, பிள்ளை" என்றார்.

"வந்தாருங்க. உடம்பு நடுங்குதுன்னாரு. என்னடா, கறுத்த மருந்து கிடைக்கல்லையான்னு கேட்டுச் சிரிச்சீங்க. திரும்பி வந்துட்டாரு."

பொருளைச் சரியாகக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். அவருடைய முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு துண்டுச் சீட்டில் 'சுகமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்தார். "பேரை வெட்டாதேயும். சுகமில்லை எண்டது பொய்யே? மெய்தானே" என்றார். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நானும் வாறேன்" என்றார். ஐந்து பேரும் ஆற்றுக்கு இறங்கினோம்.

முதல் நாள் மேலே மழை. ஆறு இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. இந்தக் கரையில், தோணித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில், வீரமுத்து முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். நாங்கள் இன்னும் மேலேதான் இருந்தோம். ராமையா கூப்பிடவில்லை. நின்ற இடத்தில் நின்று பாடினான். ஆற்றுச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே, நரம்பு புடைக்கக் கத்திப் பாடினான். நான் வரல்ல, நான் வரல்ல, நீ போ கூட்டாளி… மூன்று தரமோ நாலு தரமோ பாடிய பிறகுதான் வீரமுத்து திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. எழுதுவதற்கு என்ன வெட்கம்?

தோணிக்காரர் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். விடிந்ததும் அக்கரைக்குப் போனானாம், கொஞ்ச நேரத்தில் திரும்பினானாம், அதிலிருந்து அந்தக் கல்லைவிட்டு எழும்பவில்லையாம்.

"போயிட்டு வந்துட்டேங்க" என்றான் வீரமுத்து. "அத்தன நாளும் வீணாப் போச்சு."

டிஸ்பென்சர் பூட்ஸோடு சேற்றில் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்டும் வீணாப் போகேல்லை. நாளைக்கு ஒண்டிலை இருந்து எண்ணுவம். நடுக்கத்துக்கு என்னட்டை மருந்து இருக்கு. விடியவே கொண்டுவந்து தாறன்." அவருடைய கை வீரமுத்துவின் தோளில் இருந்தது. இந்த மனிதரோடு இனிச் சண்டை போடுவது எனக்குச் சிரமமாகத்தான் இருக்கும்.

அன்று மத்தியானமே ராமையாவின் பேரைப் பழைய மலைக்கு மாற்றி எழுதினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பெரட்டில் பார்த்தால், ராமையாவுக்கு வாயசைகிறது, சத்தம் வரவில்லை. ஆற்றங்கரையில் கத்தியதில் தொண்டை அடியோடு கட்டிவிட்டது. வீரமுத்து அவனைப் பார்த்தான். செல்லாயி என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பியிருப்பேன்.

கோட்டைக் கழற்றிக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ராமையாவின் பின்னால் மலையில் ஏறினேன். எனக்கு வயது நாற்பத்தாறு. சங்கீதம் என் குடும்பத்தில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. பத்தாவது மரத்தில் அட்டை காலில் ஏறியது. பதினைந்தாவது மரத்தில் கீழ்ச் சரிவிலிருந்து அந்தக் கனத்த குரல் வந்தது. வாடா கூட்டாளி…

"நான் வரல்ல" என்று பாடினேன்.

கீழே கத்திச் சத்தம் நின்றது. என் குரலைக் கேட்டு அவன் திகைத்திருக்க வேண்டும். பிறகு, "கிளாக்கரய்யாங்களா?" என்று கேட்டது.

"நான்தான். வெட்டு, வெட்டு."

"ராகம் தப்புங்க."

"தப்பட்டும். நீ அடுத்த மரத்துக்குப் போ."

போனான். கத்தி மரத்தில் படுகிற சத்தம் கேட்டது. அன்று அவன் எத்தனை தரம் கூப்பிட்டானோ அத்தனை தரமும் வரமாட்டேன் என்று பாடினேன். முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. என் பக்கத்தில் ராமையா சத்தமில்லாமல் வாயை அசைத்து எனக்கு அடி எடுத்துக் கொடுத்துக்கொண்டே வெட்டினான். பால் நிறுக்க இறங்கியபோது என் தொண்டையும் போய்விட்டது. வீரமுத்து வாளியை வைத்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணுங்க" என்று ஒரு விரலைக் காட்டினான்.

பாட்டுக்குப் பொருள் சொல்வது சுலபம், ஐயா. பதில் பாடிப் பாருங்கள்… மூச்சு வாங்குகிறது.